கையிலிருந்து இறக்கியதும் ஏன் விழித்துக்கொள்கிறது?

இரவு இரண்டு மணி. அரை மணி நேரம் நடந்த பிறகு தோளில் கிடக்கும் குழந்தை கண்ணை மூடிவிட்டது. அப்பாடா என்று முதுகை வளைத்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு படுக்கையை நோக்கிக் குனிகிறீர்கள். மெத்தையில் முதுகு படுவதற்குள் இரண்டு கையும் விரிகிறது, முகம் சுருங்குகிறது, அழுகை. மறுபடி முதலிலிருந்து.

‘தூக்கித் தூக்கியே பழக்கிவிட்டீர்கள்’ என்று சொல்ல யாராவது இருப்பார்கள். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை விஷயத்தில் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. கண்ணை மூடியது உண்மை. ஆனால் ஆழ்ந்த தூக்கம் இன்னும் வரவில்லை.

பெரியவர்கள் தூங்கப் போனால் முதலில் வருவது அமைதியான தூக்கம். கனவுத் தூக்கம் அப்புறம்தான். பச்சிளங்குழந்தைக்கு இது தலைகீழ். அது நேராக ‘துடிப்பான தூக்க’த்துக்குள் நுழைகிறது. மூடிய இமைக்குள் கருவிழி உருளும், உதடு சப்புக்கொட்டும், திடீரென்று ஒரு சிரிப்பு வந்து போகும், மூச்சு ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கும். ஏறக்குறைய 20 நிமிடம் கழித்துத்தான் மூச்சு சீராகி, உடம்பு அசைவற்றுப் போகும். 1953-ல் கண் உருளும் தூக்கத்தைப் பற்றி முதலில் எழுதிய ஆய்வாளர் யூஜீன் அசரின்ஸ்கி, அந்த ஆராய்ச்சியைத் தொடங்கியதே தூங்கும் குழந்தைகளின் இமைகளைப் பார்த்துத்தான்.

குழந்தையின் மொத்தத் தூக்கத்தில் பாதி இந்தத் துடிப்பான வகை. ஒரு சுற்று முடிய 50 முதல் 60 நிமிடம். பெரியவர்களுக்கு 90 நிமிடம். அதனால் விழிப்பின் விளிம்புக்குக் குழந்தை அடிக்கடி வருகிறது. முனகினாலோ நெளிந்தாலோ விழித்துவிட்டது என்று அர்த்தமில்லை. பதறி உடனே தூக்கினால், தூங்குகிற குழந்தையை நாமே எழுப்பியதாகிவிடும். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்.

சரி, இறக்கும் நொடிக்கு வருவோம். ஜப்பானின் ரிகென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடாவின் குழு 21 குழந்தைகளின் இதயத் துடிப்பைப் பதிவு செய்து 2022-ல் வெளியிட்டது. தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் விடாமல் நடந்தால் அழுகை அடங்குகிறது, துடிப்பு குறைகிறது. விசித்திரம் அதற்குப் பிறகுதான். மெத்தையைத் தொட்டதும் விழிக்கிறது என்றுதானே நினைப்போம்? தாயின் உடம்பிலிருந்து பிரியத் தொடங்கும்போதே துடிப்பு ஏறிவிடுகிறது. தூங்கிய பின் இன்னும் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியிலேயே வைத்திருந்து, அப்புறம் படுக்க வைப்பது நல்லது என்பது அந்தக் குழுவின் யோசனை.

கை விரிவதற்குக் காரணம் வேறு. தலை சட்டென்று பின்னால் சாய்ந்தால் ‘விழுகிறோம்’ என்று உடம்பு தானாகக் கைகளை விரிக்கும். மோரோ அனிச்சை என்று பெயர். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் மறைந்துவிடும். அதுவரை பிட்டத்தை முதலில் இறக்கி, தலையைக் கடைசியாக, கையால் தாங்கியபடியே வைத்தால் அதிர்ச்சி குறையும்.

இரவென்றால் தூங்க வேண்டும் என்பதே குழந்தைக்குத் தெரியாது. வயிற்றில் இருந்தபோது தாயின் உடம்பில் இரவில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் நஞ்சுக்கொடி வழியாக வந்து பகல் இரவைச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறந்ததும் அந்தச் செய்தி நின்றுபோகிறது. சொந்தமாகச் சுரந்து ஒரு தாளம் பிடிபட இரண்டு மூன்று மாதம் ஆகும். வயிறும் சிறிது, பால் சீக்கிரம் செரித்துவிடும். ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கினாலும் அது துண்டு துண்டாக வருவது இதனால்தான். பகலில் வெளிச்சம், இரவில் பாலூட்டும்போதும் மங்கிய விளக்கு என்று வைத்தால் அந்தத் தாளத்துக்குக் கொஞ்சம் உதவியாக இருக்கும்.

மடியில் வைத்திருக்கும் அந்த எட்டு நிமிடத்தில் ஒரு ஆபத்து உண்டு: நீங்கள் தூங்கிவிடுவது. சோபாவில் குழந்தையை அணைத்தபடி கண்ணயர்வது, அதன் மூச்சு முட்டக்கூடிய மோசமான நிலைகளில் ஒன்று. கண் சொருகுகிறது என்றால் எட்டு நிமிடக் கணக்கை விட்டுவிட்டு, தலையணை இல்லாத, தட்டையான, உறுதியான படுக்கையில் குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். அழுதால் அழட்டும், வீட்டில் இன்னொருவர் இருந்தால் எழுப்பி, அடுத்த நடையை அவரிடம் கொடுங்கள்.