சங்கொலிக்கு நடுங்கிய தாத்தா: போர்வீரரின் மூளையில் அச்சம் தங்கும் விதம்

பிப்ரவரி 15-ஆம் தேதி, சிங்கப்பூரின் முழுமைத் தற்காப்பு தினத்தன்று, மாலை 6.20 மணிக்குத் தீவெங்கும் அபாயச் சங்கு ஒலிக்கையில் நம்மில் பெரும்பாலோர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையிலிருந்த வேலையைத் தொடர்கிறோம். ஈசூனில் வசிக்கும் வாசகி ஒருவரின் தாத்தாவால் அது முடியவில்லை. பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்து மலாயாவில் போரிட்டு, 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்ததும் ஃபேரர் பார்க் திடலில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்ட ஏறத்தாழ 40,000 இந்தியப் படையினருள் அவரும் ஒருவர். முதுமையிலும் சங்கொலி கேட்டால் சோற்றுத் தட்டை அப்படியே விட்டுவிட்டுச் சுவரோரம் போய்க் குந்திக்கொள்வாராம். உறங்குபவரை எழுப்பப் பாட்டி ஒருநாளும் தொட்டதில்லையாம், அறை வாசலில் நின்றபடியே “என்னங்க” என்று மெல்லக் கூப்பிடுவாராம். இத்தனை காலம் கழித்தும் மூளை அதை மறக்காதா என்பதே வாசகியின் கேள்வி.

மறக்காது. 1915-இல் ‘ஷெல் ஷாக்’ (குண்டு வெடிப்பின் அதிர்ச்சி) என்ற பெயரில் மருத்துவ ஏட்டில் இடம்பெற்று, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனவுளைச்சல் எனப் பதிவான இந்நிலையின் அடித்தளம், பள்ளியில் படித்த பாவ்லோவின் நாய்தான். உணவோடு சேர்ந்து வந்த மணிக்கு எச்சில் ஊறுவது போலவே, குண்டோடு சேர்ந்து வந்த சங்குக்கு உடல் நடுங்குகிறது. இந்த இணைப்பைப் பதிய வைப்பது மூளையின் உட்புறத்திலுள்ள அமிக்டலா. ஆபத்து வேளையில் சுரக்கும் நோரட்ரினலின் என்ற வேதிப்பொருள் அப்பதிவை மேலும் ஆழமாக்குகிறது.

இதுவரை பழைய கதை. எனக்குச் சலிக்காத பகுதி இனிமேல்தான் வருகிறது. எலியை ஒரு பெட்டியில் விட்டு, ஒலி எழுப்பி, உடனே பாதத்தில் இலேசான மின்னதிர்ச்சி கொடுத்தால், சில முறையிலேயே அது பாடம் கற்றுவிடும்; ஒலி கேட்டதும் மூச்சைத் தவிர வேறு அசைவின்றி உறைந்து நிற்கும். பிறகு வேறு வாசனையும் வேறு தரையும் உள்ள இன்னொரு பெட்டியில், அதிர்ச்சியே கொடுக்காமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தால், எலி மெல்ல மெல்ல உறைவதை விட்டு மூலைகளை மோப்பம் பிடிக்கத் தொடங்கும். அச்சம் அழிந்தது என்றே தோன்றும். அதே எலியைப் பழைய பெட்டிக்கு அனுப்பி ஒலி எழுப்பினால் மீண்டும் உறைந்துவிடும்! பெட்டியை மாற்றாமல் சில வாரம் சும்மா விட்டுவைத்தாலும் அச்சம் திரும்பி வரும். பழைய பதிவு எங்கும் போகவில்லை. அதன்மேல் ‘இங்கே இந்த ஒலியால் ஆபத்தில்லை’ என்ற இரண்டாவது பதிவு ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். முதல் பதிவு போகுமிடமெல்லாம் கூடவே வரும். இரண்டாவதோ கற்ற இடத்தோடு கட்டுண்டது. உயிர் பிழைப்பதுதான் நோக்கம் என்றால் இது பொருத்தமான ஏற்பாடே. ஓரிடத்தில் புலி இல்லை என்பதால் காடு முழுவதும் புலி இல்லை என்று நம்பிய விலங்கு நெடுநாள் வாழ்ந்திருக்காது.

இரண்டாவது பதிவைக் காப்பது நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் புறணியின் நடுப்பகுதி. 2002-இல் புவேர்ட்டோ ரிக்கோ தீவில் ஆய்வு செய்த முகமது மிலாத், கிரெகரி குவர்க் இருவரும், அச்சம் தணிக்கும் பயிற்சி பெற்ற எலிகள் மறுநாள் ஒலியைக் கேட்டபோது அப்பகுதி நரம்பணுக்கள் துடிப்பதைக் கண்டனர். ஒலிக்கு அஞ்சக் கற்றும் தணிக்கும் பயிற்சி பெறாத எலிகளில் ஒலியோடு சேர்த்து அப்பகுதியை மின்சாரத்தால் தூண்டியபோது அவையும் குறைவாகவே உறைந்தன. அங்கிருந்து வரும் ஆணை அமிக்டலாவின் தடுப்பு நரம்பணுக்களை எழுப்பி, அபாய அறிவிப்பு வெளியே போகாமல் மறிக்கிறது. எலியின் பயத்துக்கு எதற்குப் பொதுப்பணம் என்று கேட்பவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. உடனடிப் பயனைக் காட்டு என்று நெருக்கும் மானியக் குழுவிடம் இத்தகைய விண்ணப்பம் தேறுமா என்பது எனக்குச் சந்தேகமே.

சரிவில் நிற்கும் லாரியைப் பிரேக்கை மிதித்தே பிடித்திருப்பது போன்றது இந்தக் கட்டுப்பாடு. கால் தளர்ந்தால் வண்டி உருளும். ஓர் இரவு தூக்கம் கெட்டாலே முன்மூளைக்கும் அமிக்டலாவுக்கும் இடையிலான பிடி தளர்வது மூளைப் படங்களில் தெரிகிறது. கொடுங்கனவால் தூக்கம் கெடுகிறது, தூக்கம் கெட்டதால் அச்சம் மிகுகிறது, அச்சம் மறுபடியும் கனவாகிறது. பிழைப்பு, பிள்ளை வளர்ப்பு என்று ஓடிய காலத்தில் அடங்கிக் கிடந்த போர்நினைவுகள், ஓய்வு பெற்றுத் துணையையும் இழந்த பின் மேலெழுவதை இரண்டாம் உலகப் போர் வீரர்கள் பலரிடம் மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்.

வாசகியின் குடும்பத்தார் தாத்தாவுக்கு மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்களாம். அவர்களின் அக்கறையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் காத்துக்கருப்பு என்று முடிவு கட்டிவிட்ட வீட்டில், போர்முனையில் என்ன நடந்தது என்று அவரிடம் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. அரசாங்கங்கள் இன்னும் மோசம். முதல் உலகப் போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் முதலிய குற்றங்களைச் சுமத்திச் சுட்டுக்கொன்ற 306 வீரர்களுக்கு பிரிட்டன் 2006-இல்தான் மன்னிப்பு வழங்கியது.

இன்றைய சிகிச்சைகளுள் நன்கு சோதிக்கப்பட்ட ஒன்று, அஞ்சியதைப் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்வது. பொதுவாக 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் சுமார் 90 நிமிடம். வீரர் கண்ணை மூடி, நடந்ததை இப்போது நடப்பதாகவே வாய்விட்டுச் சொல்கிறார். அந்த ஒலிப்பதிவை வீட்டில் மறுபடியும் கேட்கிறார். இதோடு நின்றால் அவருடைய அச்சம் மருத்துவரின் அறைக்குள் மட்டுமே தணிந்திருக்கும், இரண்டாவது பெட்டியிலிருந்த எலியைப் போல. அதனால்தான் சந்தை, ரயில் நிலையம், திருவிழாக் கூட்டம் என்று அவர் ஒதுக்கிவந்த இடங்கள் ஒவ்வொன்றுக்கும் போய், பதற்றம் இறங்கும்வரை அங்கேயே இருக்கும்படி வீட்டுப்பாடம் தருகிறார்கள். தாங்க முடியாமல் பாதியில் நிறுத்திவிடுபவர்களும் உண்டு.