கல்லீரல் கொழுப்பை எம்ஆர்ஐ எப்படி எண்ணுகிறது?

“அல்ட்ராசவுண்டில் கல்லீரலில் கொழுப்பு, முதல் நிலை என்று எழுதியிருக்கிறார்கள். எம்ஆர்ஐ எடுத்தால் எத்தனை சதவீதம் என்றே தெரிந்துவிடுமாமே, எப்படி?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

தெரிந்துவிடும். ஊசி குத்திச் சதை எடுக்கவும் வேண்டாம். கொழுப்பு குறைவாக இருந்தால் அல்ட்ராசவுண்ட் அதைத் தவறவிடலாம். எம்ஆர்ஐ 5 சதவீதத்தையே பிடித்துவிடும். அந்த அளவைத் தாண்டினால்தான் கொழுப்புக் கல்லீரல் என்பார்கள்.

காந்தப்புலத்தில் ஹைட்ரஜனின் புரோட்டான்கள் சுழன்று சிக்னல் தருகின்றன என்பது பள்ளியில் படித்ததுதான். ஆனால் அவை எல்லாம் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. நீரில் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், புரோட்டான்மேல் காந்தப்புலம் கூடுதலாக விழுகிறது. கொழுப்பின் கார்பன் சங்கிலியில் அவ்வளவு இழுப்பு இல்லை. சூழ்ந்திருக்கும் எலக்ட்ரான்கள் புலத்தைச் சற்றுத் தடுக்கின்றன. அதனால் கொழுப்பின் புரோட்டான் பத்து லட்சத்தில் சுமார் 3.4 பங்கு மெதுவாகச் சுற்றுகிறது.

இந்தச் சின்ன வித்தியாசம் போதும். கோயில் பிரகாரத்தை இருவர் வெவ்வேறு வேகத்தில் சுற்றினால், சில நேரம் பக்கத்தில் பக்கத்தில் வருவார்கள், சில நேரம் நேரெதிர்ப் பக்கங்களில் இருப்பார்கள். 1.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) கருவியில், ரேடியோ அலையால் தூண்டிய 2.3 மில்லி நொடியில் நீரும் கொழுப்பும் எதிரெதிர், 4.6 மில்லி நொடியில் மறுபடி ஒன்றாக. சேர்ந்திருக்கையில் சிக்னல்கள் கூடும், எதிரெதிரில் கழியும். கூட்டினால் 100, கழித்தால் 60 என்றால் நீர் 80, கொழுப்பு 20, அதாவது 20 சதவீதம். இரண்டு தெரியாத எண்கள், இரண்டு சமன்பாடுகள்! 1984இல் தாமஸ் டிக்சன் வெளியிட்ட இந்த எளிமை எனக்கு இன்றும் அலுக்கவில்லை. கல்லீரலில் இரும்பு சேர்ந்திருந்தால் சிக்னல் சீக்கிரம் தேயும் என்பதால், இப்போது பெரும்பாலும் சிக்னலை ஆறு வெவ்வேறு நேரங்களில் அளந்து அதையும் திருத்திக்கொள்கிறார்கள்.

இதன் வேர் 1950இல் இருக்கிறது. ஸ்டான்போர்டில் புரோக்டர், யூ என்ற இரு இயற்பியலாளர்கள் அம்மோனியம் நைட்ரேட்டில் நைட்ரஜன் அணுக்கருவை ஆராய்ந்தபோது, ஒரே சிக்னல் கோட்டை எதிர்பார்த்த இடத்தில் இரண்டு கோடுகள் வந்தன: ஒரே வகை அணுக்கருவும் தன் வேதிச் சூழலைப் பொறுத்து வேறு வேகத்தில் சுழல்கிறது. கல்லீரலை அப்போது யார் நினைத்தார்கள்? உடனடிப் பயன் கேட்டு அடிப்படை ஆய்வின் நிதியை வெட்டுவது பெரும் பிழை. “கல்லீரலைக் கழுவும்” பொடிகளுக்கு நாம் கொட்டும் பணத்தைப் பார்த்தால் மனம் கொதிக்கிறது.

வாசகருக்கு ஒன்று. இந்தச் சதவீதம் கொழுப்பை மட்டுமே சொல்லும், தழும்பைச் சொல்லாது. அதற்கு எம்ஆர் எலாஸ்டோகிராபி உண்டு: விலாமேல் ஒரு தட்டை வைத்து நொடிக்கு 60 முறை அதிரவைப்பார்கள். தழும்பேறி இறுகிய கல்லீரலில் அலை வேகமாக ஓடும். அந்த ஓட்டத்தை அதே எம்ஆர்ஐ படமெடுக்கும்.