குழந்தையோடு மீன்பிடிக்கக் கிளம்பும் முன்

வழிகாட்டியோடு மீன் பிடிக்கப் போக விரும்பும் பெற்றோர் ஃபோனில் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எவ்வளவு பெரிய மீன் மாட்டும்?" பெரியவர்கள் மட்டும் வருவதாக இருந்தால் அது நியாயமான கேள்வி. ஆறேழு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும்போது கேட்க வேண்டியவை வேறு. மீன் எவ்வளவு அடிக்கடி கடிக்கும்? எவ்வளவு நேரம் தண்ணீரில் இருப்போம்? பிள்ளை போதும் என்றால் உடனே கரை திரும்ப முடியுமா? குடும்பங்களைப் படகில் அழைத்துப் போவதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன், குழந்தையின் முதல் மீன்பிடிப் பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் இந்த மூன்றில்தான் இருக்கிறது.

மீனின் எடை பெரியவர்களின் கணக்கு. தூண்டிலில் கட்டி மிதக்கவிட்ட தக்கை இரண்டு முறை துள்ளிவிட்டு சட்டென்று தண்ணீருக்குள் மறைகிறதே, குழந்தைக்கு அந்த நொடிதான் எல்லாம். அது அடிக்கடி வர வேண்டும். அரை மணி நேரம் தக்கை அசையாமல் கிடந்தால் பெரியவர்களுக்கே அலுத்துவிடும், பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. அதனால் முதல் பயணத்துக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது, சிறு மீன்கள் கூட்டமாகத் திரியும் அமைதியான ஏரி அல்லது நீரோட்டம் மெதுவாக இருக்கும் ஆற்றங்கரை. கொக்கியும் இரையும் அந்த மீனின் வாய்க்கு ஏற்றபடி சிறியதாக இருந்தால் போதும், உள்ளங்கை அளவு மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆழ்கடல் பயணத்தில் மீன் இருக்கும் இடத்தை அடையவே ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம். அலையில் ஆடியபடி அவ்வளவு நேரம் போய், அப்புறம் காத்திருப்பது சின்னப் பிள்ளைக்குத் தண்டனை. அது பத்துப் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு, பிள்ளையே ஆசைப்பட்டுக் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஆறு வயதுக்குக் கீழ் என்றால் இரண்டு மணி நேரம் தாராளம். அதற்கு மேற்பட்ட வயதுக்கு மூன்று, நான்கு மணி நேர அரைநாள் பயணம் சரியாக இருக்கும். முழுநாள் பயணம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். வெளிச்சம் குறைந்த காலையிலும் மாலையிலும் பல மீன்கள் நன்றாக இரை எடுக்கும் என்பது உண்மைதான். அதற்காக நடுச்சாமத்தில் பிள்ளையை எழுப்பாதீர்கள். தூக்கம் கெட்ட பிள்ளைக்கு எந்த மீனும் பெரிதாகத் தெரியாது. வழக்கமாக எழும் நேரத்தை ஒட்டிக் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவது நல்லது.

முன்பதிவு செய்யும்போது, உங்கள் குடும்பத்துக்கு மட்டுமான பயணமா, மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளும் படகா என்பதைக் கேட்டுவிடுங்கள். பகிர்ந்துகொள்ளும் படகு செலவு குறைவு. ஆனால் உங்கள் பிள்ளை அழுகிறது என்பதற்காக மற்றவர்களின் நாளைப் பாதியில் முடிக்க முடியாது. கழிப்பறை உண்டா, நிழல் உண்டா, வானிலை கெட்டால் பணம் என்னாகும், படகுக்கு உரிமமும் காப்பீடும் இருக்கிறதா, மீன்பிடி அனுமதி குழந்தைக்கும் தேவையா, அதை யார் எடுப்பது, இவற்றையெல்லாம் கேட்பதில் தயக்கமே வேண்டாம். அனுமதி விதிகள் நாட்டுக்கு நாடு, நீர்நிலைக்கு நீர்நிலை மாறும். பல இடங்களில் குறிப்பிட்ட வயதுக்குட்பட்டவர்களுக்கு விலக்கு உண்டு, எல்லா இடத்திலும் அல்ல.

நீங்கள் கேட்பதைவிட வழிகாட்டி உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பிள்ளைக்கு எத்தனை வயது, எத்தனை கிலோ, நீச்சல் தெரியுமா, ஒவ்வாமை ஏதும் உண்டா, வண்டியில் போனால் வாந்தி வருமா, எதைக் கண்டால் பயம் என்றெல்லாம் விசாரிக்கும் வழிகாட்டியை நம்பலாம். குழந்தை வருகிறது என்று சொன்ன பிறகும் பணத்தையும் நேரத்தையும் மட்டுமே பேசுபவர் பெரியவர்களுக்கு நல்ல வழிகாட்டியாக இருக்கலாம், உங்கள் பிள்ளைக்கு வேறு ஆளைத் தேடுங்கள்.

எடையைக் கேட்பதற்குக் காரணம் லைஃப் ஜாக்கெட். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021-இல் உலகெங்கும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதில் கால்வாசி 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஜாக்கெட் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். குழந்தைகளின் ஜாக்கெட் எடையை வைத்துத் தேர்ந்தெடுக்கப்படுவது, அந்த எடை வரம்பு அதன் உள்பக்கம் அச்சிடப்பட்டிருக்கும். பெரியவர்களின் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது ஆபத்து. தண்ணீரில் விழுந்த அடுத்த நொடி ஜாக்கெட் மேலே ஏறி, பிள்ளை கீழே நழுவிவிடும். எல்லாப் பட்டைகளையும் மாட்டிய பிறகு ஜாக்கெட்டின் தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது பிள்ளையின் மோவாயைத் தாண்டி ஏறினால் அளவு பெரிது. சிறு குழந்தைக்குத் தொடைகளுக்கு நடுவே வரும் பட்டையும், தலையைத் தாங்கும் கழுத்துப்பட்டையும், பின்னால் பிடித்துத் தூக்கக் கைப்பிடியும் கட்டாயம் வேண்டும். காற்று நிரம்பி விரியும் வகை குழந்தைகளுக்கு ஏற்றதல்ல. அமெரிக்கக் கடலோரக் காவல்படை அந்த வகையைப் பொதுவாக 16 வயது நிரம்பியவர்களுக்கே அங்கீகரிக்கிறது.

ஜாக்கெட்டை வீட்டிலேயே போட்டுப் பழக்கிவிடுங்கள். நீந்தத் தெரிந்த பிள்ளைக்கும் இதுவே விதி. குளிர்ந்த நீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை உறிஞ்சும், குழந்தையின் உடல் பெரியவர்களைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். கரையிலிருந்து மீன் பிடித்தாலும் ஜாக்கெட் உடம்பில் இருக்கட்டும். இன்னொன்றையும் மனதில் வையுங்கள். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை. மூச்சு விடவே திணறும்போது குரல் எழும்பாது. "சத்தம் கேட்டால் ஓடிவிடலாம்" என்று ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும்.

அடுத்து ஈயம். இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தூண்டில் நரம்பில் எடைக்காகக் கோத்து நசுக்கும் சின்ன ஈயக்குண்டுகளைப் பல்லால் கடித்து மூடும் பழக்கம் மீன் பிடிப்பவர்களிடம் பரவலாக உண்டு. பிள்ளை பார்க்கும், அப்படியே செய்யும். குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கிறது. இரத்தத்தில் இவ்வளவு இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரிட்டனில் அன்னப்பறவைகள் இந்தக் குண்டுகளை விழுங்கிச் செத்ததால்தான் 1987-இல் சிறிய ஈயக்குண்டுகளுக்குத் தடை வந்தது. இன்று வெள்ளீயம், டங்ஸ்டன், எஃகில் செய்த குண்டுகள் கிடைக்கின்றன. வழிகாட்டியிடம் எது இருக்கிறது என்று கேளுங்கள். ஈயம்தான் என்றால் பிள்ளையின் கை அதில் படாமல் அவரே மாட்டிவிடட்டும். எப்படியிருந்தாலும் எதையும் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

குழந்தை பிடிக்கும் தூண்டில் கம்பு நான்கைந்து அடிக்கு மேல் வேண்டாம். பொத்தானை அழுத்தி விட்டாலே நரம்பு ஓடும் மூடிய ரீல் (நரம்பு சுற்றும் உருளை) பழகுவதற்கு எளிது. கொக்கியின் முனைக்குக் கீழே எதிர்த்திசையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கூர் இருக்கிறதல்லவா, அதைக் குறடால் நசுக்கி மட்டமாக்கிவிடச் சொல்லுங்கள். இரண்டொரு மீன் தப்பலாம், தப்பட்டும். அப்படி மழுக்கிய கொக்கி விரலில் ஏறினால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும், மீனின் வாயிலிருந்து எடுப்பதும் சுலபம். கொக்கி ஏறும் விபத்துகள் பல, தூண்டிலை வீசும்போது நடப்பவை. தலைக்கு மேல் சுழற்றாமல் கீழிருந்து முன்னோக்கி மெதுவாக வீசுவதை முதலில் கற்றுக்கொடுக்கலாம். வீசும் முன் பின்னால் திரும்பிப் பார்ப்பது பழக்கமாகட்டும். தொப்பியும் கண்ணாடியும் எல்லோருக்கும், பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்துத்தான். கூர் மழுக்காத கொக்கி ஆழமாக ஏறிவிட்டால், அல்லது எந்தக் கொக்கியும் கண்ணுக்கோ மூட்டுக்கோ அருகில் ஏறிவிட்டால் இழுக்காதீர்கள். நரம்பை வெட்டிவிட்டு, கொக்கி அசையாதபடி கட்டி, மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்பதைக் கிளம்பும் முன்பே பார்த்து வையுங்கள்.

வெயிலுக்கு முழுக்கை உடையும், எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனும் போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். படகு ஆடுவதால் வரும் குமட்டல் 2 முதல் 12 வயதுக்குள் அதிகம் வரும். படகின் நடுவில் உட்கார வைத்துத் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை தருவதாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தாருங்கள், சில பிள்ளைகளுக்கு அதனால் தூக்கத்துக்குப் பதில் பரபரப்பு வருவதுண்டு.

பிடித்த மீனை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைக் கிளம்பும் முன்பே பிள்ளையோடு பேசிவிடுங்கள். எந்தப் பெற்றோரும் இதை யோசித்து வருவதாகத் தெரியவில்லை. உயிரோடு துடிக்கும் மீனைப் பார்த்து ஒரு பிள்ளை குதூகலிக்கும், இன்னொன்று தேம்பி அழும். அழுவது பலவீனமல்ல, "இதுக்கெல்லாம் அழுவியா" என்று கேட்டுவிடாதீர்கள். சாப்பிடுவதற்காக என்றால் அப்படியே சொல்லுங்கள், வேதனைப்படுத்தாமல் உடனே கொன்றுவிடுவது வழிகாட்டியின் பொறுப்பு. விடுவதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு பிடிக்க வேண்டும். மீனின் மேல் இருக்கும் வழுவழுப்பான படலம்தான் அதைக் கிருமிகளிடமிருந்து காக்கிறது, காய்ந்த கை அதை உரித்துவிடும். வயிற்றைத் தாங்கிப் படுக்கைவாட்டில் பிடித்து, ஒரு படம் எடுத்து, நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ளக்கூடிய நேரத்துக்குள் தண்ணீரில் விட்டுவிடுங்கள். கொக்கியை ஆழமாக விழுங்கியிருந்தால் தோண்டாமல் நரம்பை வாயருகே வெட்டி விடுவது மீனுக்கு நல்லது. கெளுத்தி போன்ற மீன்களுக்கு முதுகிலும் பக்கவாட்டிலும் குத்தும் முட்கள் உண்டு, வழிகாட்டி சரி என்று சொல்லும்வரை பிள்ளை எதையும் தொட வேண்டாம். எந்த மீனை விட வேண்டும், எதை வைத்துக்கொள்ளலாம் என்பதற்குச் சட்டமும் உண்டு. சுவிட்சர்லாந்தில் விடுவதற்காகவே மீன் பிடிப்பது 2009 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது.

ஒரு வேண்டுகோள். உங்கள் தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். நீங்களும் மீன் பிடித்தால் பிள்ளையின் கண் உங்கள் மீன் மீதே போகும், உங்கள் கண் தக்கையின் மீது போகும். மீன் மாட்டியதும் ரீலைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்காதீர்கள். மீன் போனால் போகட்டும். நடுவில் பிள்ளை தூண்டிலைப் போட்டுவிட்டு இரைக்கு வைத்த மண்புழுவோடு விளையாடப் போனால், இல்லை தண்ணீரில் கல்லெறிய ஆரம்பித்தால், விட்டுவிடுங்கள். அதுவும் அந்த நாளின் பகுதிதான். ஒரு மணி நேரத்திலேயே வீட்டுக்குப் போகலாம் என்றால் திரும்பிவிடலாம், மீதி நேரத்துக்குக் கொடுத்த பணத்தை நினைத்து இழுத்துப் பிடிக்க வேண்டாம்.

கடைசியாக, வானிலை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் சுமார் 10 கிலோமீட்டருக்குள் விழுகிறது என்று பொருள். உடனே கரையேறிக் கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய்விட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக்கூடாது. கார்பன் இழையில் செய்த தூண்டில் கம்பு மின்சாரத்தைக் கடத்தும், மின்கம்பிகளுக்குக் கீழே அதைத் தூக்கிப் பிடிக்கவே கூடாது. பயண நாள் காலை வழிகாட்டி அழைத்து "இன்று வேண்டாம்" என்றால் அவரோடு வாதாடாதீர்கள். மாற்றுத் தேதி ஒன்றை முன்பதிவின்போதே பேசி, அதைப் பிள்ளையிடமும் சொல்லி வைத்திருங்கள்.