எழுத வராத பிள்ளைக்கு டைப்பிங்: பள்ளியில் கேட்டு வாங்குங்கள்

கொடுமுடிப் பக்கமிருந்து, எழுத வரவில்லை என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனை என்னிடம் அழைத்து வந்தார்கள். காளிங்கராயன் வாய்க்காலைப் பற்றிக் கேட்டேன். பவானியில் பிரிவது, நொய்யலில் போய்ச் சேர்வது, அப்பாரு தோட்டத்து மஞ்சளுக்கு எப்போது தண்ணீர் விடுவார்கள் என்பது வரை மூச்சுவிடாமல் சொன்னான். எழுதச் சொன்னால் ஒன்றரை வரிதான். அழித்து அழித்தே தாள் கிழிந்துவிட்டது. பென்சிலை அழுத்திய தடம் அடுத்த மூன்று பக்கங்களிலும் தெரிந்தது. பள்ளி நோட்டிலோ சிவப்பு மையில் ‘சோம்பேறி’ என்று எழுதியிருந்தது. இவ்வளவு பாடுபட்டு எழுதுகிற பிள்ளையை அப்படிச் சொல்ல எப்படித்தான் மனம் வருகிறதோ!

பள்ளியில் டைப்பிங் சொல்லிக்கொடுக்கக் கேளுங்கள் என்றேன். அவன் அம்மா உடனே, “ஏனுங் மேடம், அப்புறம் கையெழுத்து அடியோட போயிராதுங்களா?” என்றார். வாரம் தவறாமல் யாராவது ஒருவர் இதைக் கேட்கிறார். ஆசிரியர்களும் கேட்கிறார்கள்.

போகாதுங்க. கையெழுத்துப் பயிற்சியை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தினமும் பத்து நிமிடம் அது தனியாக நடக்கட்டும். ஆனால் நாலு கோடு நோட்டு, ரெண்டு கோடு நோட்டு, இம்போசிஷன், கோடை விடுமுறையில் கையெழுத்து வகுப்பு என்று எல்லாம் பார்த்தாயிற்றே, வந்ததா? எழுத்தை வடிவாகப் போடுவது ஒரு வேலை, யோசித்ததைப் பதிலாக்குவது வேறொரு வேலை. முதல் வேலையிலேயே பிள்ளையின் தெம்பெல்லாம் போய்விட்டால், இரண்டாவதை அவன் எப்போது பழகுவான்? டைப்பிங் அதற்குத்தான். எழுத்துப்பிழை அதனால் மறைந்துவிடாது, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

லேப்டாப் வாங்கிக் கொடுத்துவிட்டு “டைப்பிங் ஆச்சு” என்று இருந்துவிடாதீர்கள். ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினால் கையால் எழுதுவதைவிட மெதுவாகத்தான் போகும், பிள்ளைக்கும் வெறுத்துவிடும். போனில் கட்டைவிரலால் தட்டுவது இதில் சேராது. மூன்றாம், நான்காம் வகுப்பிலேயே தொடங்கலாம். வாரத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் பீரியடு போதாது. தினமும் பதினைந்து நிமிடம் வேண்டும். எஃப், ஜே விசைகளில் சின்ன மேடு இருக்கும், ஆள்காட்டி விரல்கள் அங்கேதான் நிற்க வேண்டும். விசைகளைப் பார்க்காமல் எல்லா விரல்களாலும் தட்ட வர, கைமேல் துண்டைப் போட்டு மூடிப் பழக்குங்கள். வேகத்தை இப்போது அளக்கவே வேண்டாம்.

தமிழுக்கு தமிழ்99 விசைப்பலகைதான் (கணினியில் தமிழ் எழுத்துகளை நேரடியாக அடிக்கும் விசை அமைப்பு) என் சிபாரிசு. ‘கொ’ எழுதக் கொம்பு முன்னால், கால் பின்னால் என்று தடுமாறும் பிள்ளை, இதில் க, ஒ என்று காதில் கேட்கும் வரிசையிலேயே தட்டலாம். ‘பந்து’க்கு ப, ந, த, உ, புள்ளி தானே விழும். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறை வேண்டவே வேண்டாம், ஆங்கில எழுத்துக்கூட்டலும் சேர்ந்து தலைமேல் ஏறும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு அனுப்புகிறவர்கள் கவனியுங்கள்: பழைய தமிழ்த் தட்டச்சில் கொம்பை முதலில் அடிக்க வேண்டும், அதே குழப்பம்.

“பரீட்சையில் விடமாட்டார்களே, எதற்கு?” என்பார்கள். சிபிஎஸ்இ சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்குக் கணினியை அனுமதிக்கிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் கிடைக்கும். அங்கேயும், முழுப் பதிலை யோசித்துக் கோத்துப் பழகிய பிள்ளைதான் தடுமாறாமல் சொல்லும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், இப்படி எழுத வராமல் தவிக்கவைக்கும் கற்றல் குறைபாடும் இருக்கிறது. பள்ளியில் சலுகை கேட்கத் தயங்காதீர்கள். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரைப் பாருங்கள்.

தயவுசெய்து பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடிவராதீர்கள். ஜூனிலேயே தலைமையாசிரியருக்கு மனுவாக எழுதிக் கொடுங்கள்: தினமும் பதினைந்து நிமிடம் கணினி அறை, கையெழுத்தைவிட வேகம் வந்ததும் முதலில் ஒரு பாடத்துக்கு மட்டும் வகுப்பிலேயே டைப் செய்ய அனுமதி. பிள்ளையின் கற்றல் குறைபாட்டைச் சோதித்துத் தந்த மதிப்பீட்டு அறிக்கையை இணையுங்கள். நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள்.