அடுப்படியில் இருந்தவர் எழுதிய வெயில்

கோடைக்கு முன்பு கட்டுமானத் தளங்களில் வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்) குறித்து வகுப்பெடுப்பது, தொழிலகச் சுகாதார மருத்துவனான என் பணிகளில் ஒன்று. படங்களையும் எண்களையும் காட்டும்போது மேற்பார்வையாளர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். பிரான்சு வயலில் வெயில் தாக்கி இறந்த ரிக் என்ற இளைஞனின் கதையைத் தொடங்கிய பிறகுதான் கைப்பேசியைக் கீழே வைப்பார்கள்.

‘அறுவடை’ என்ற அந்தக் கதையை எழுதியவர், ஸ்டெய்ன் ஸ்ட்ரூவெல்ஸ் என்ற புனைபெயர் கொண்ட ஃபிராங்க் லாட்டூர் (1871–1969). அது 1900இல் நூலாக வந்தபோது அவர் பெல்ஜியத்தில் மேற்கு ஃபிளாண்டர்ஸ் பகுதியின் ஆவெல்கெம் ஊரில் ரொட்டி சுட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார். 1905 வரை அந்தத் தொழிலை விடவில்லை. ஆண்டுக்கணக்கில் அடுப்பின் அனலில் நின்றவருக்கு வயல்வெளியின் வெக்கையைக் கற்பனை செய்ய வேண்டிய தேவை அதிகம் இருந்திருக்காது என்பது என் ஊகம்.

வீட்டுநெசவை நம்பியிருந்த லினன் தொழில் நொடித்ததால், ஃபிளாண்டர்ஸின் ஏழைகள் ஆண்டுதோறும் கூட்டமாகப் பிரான்சுக்கு அறுவடைக் கூலிகளாகச் சென்ற காலம் அது. அப்படிப் போகும் கூட்டத்தில் ஒருவன்தான் ரிக். கதையில் கொடியவர் என்று எவரும் இல்லை. கதிரும் அரிவாளும் கூலியும் வெயிலும்தான் இருக்கின்றன. தளங்களில் நான் காண்பதும் பெரும்பாலும் இதுவே: யாரும் கெட்டவர் இல்லை, ஆனாலும் ஒருவர் சுருண்டு விழுகிறார். ஸ்ட்ரூவெல்ஸ் டச்சு மொழியின் மேற்கு ஃபிளமிய வட்டார வழக்கில் எழுதியதால் இன்றைய டச்சு வாசகரே அகராதியைத் தேட வேண்டியிருக்கிறது. அவர் பாதி மறக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். கதையின் பிடி மட்டும் தளரவில்லை.

மருத்துவத்தில் சொன்னால், உடல் வெக்கைக்குப் பழக 7 முதல் 14 நாள் ஆகும். புதிதாக வந்தவர்களே முதல் சில நாட்களில் அதிகம் சாய்கிறார்கள். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறினாலோ நடை தள்ளாடினாலோ, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து விசிற வேண்டும். நினைவு தவறியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

சென்ற கோடையில் கதை முடிந்ததும் ஒரு மேற்பார்வையாளர் எதுவும் கேட்கவில்லை. வருகைப் பதிவேட்டைப் பிரித்து, அந்த வாரம் புதிதாகச் சேர்ந்த மூன்று பேரின் பெயருக்கு எதிரே பென்சிலால் சுழித்துவிட்டு, அவர்களைப் பிற்பகல் வேலையிலிருந்து எடுத்துவிடலாமா என்றார்.