நின்றால் மயக்கம்: ஆன்டிபாடி பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன்

எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. சென்னையின் மே மாத வெயிலிலும் வியர்வை இல்லை. வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் கழிக்கத் திணறல். இவை சில வாரங்களுக்குள் சேர்ந்து வந்தால், பிபி, வியர்வை, குடல், சிறுநீர்ப்பை ஆகியவற்றைத் தானாக இயக்கும் தன்னியக்க நரம்புகளின் முடிச்சுகளை நம் எதிர்ப்பு சக்தியே தாக்குகிறதா என்று பார்க்க வேண்டும். இதன் பெயர் ஆட்டோஇம்யூன் ஆட்டோனமிக் கேங்லியானோபதி. சிகிச்சை உள்ள நோய் இது, தாமதிக்கக் கூடாது.

முதலில் செலவில்லாத சோதனை. 5 நிமிடம் படுக்கவைத்து பிபி பாருங்கள். பிறகு நிற்கவைத்து 1, 3 நிமிடங்களில் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது கணக்கில் வரும். நம் ஊரில் இதற்கு நாள்பட்ட சர்க்கரை நோயும், பிபி, புராஸ்டேட் மாத்திரைகளுமே பெரும்பாலும் காரணம். அவற்றை விலக்காமல் ஆன்டிபாடிக்குப் போக வேண்டாம்.

அடுத்து, சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது. தேவைப்படுவது கேங்லியானிக் அசிட்டைல்கோலின் ரிசப்டர் ஆன்டிபாடி, அதாவது நரம்பு முடிச்சில் உள்ள ரிசப்டரைத் தாக்கும் ஆல்ஃபா 3 வகை. வெறுமனே 'அசிட்டைல்கோலின் ரிசப்டர் ஆன்டிபாடி' என்று எழுதினால், லேபில் மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோய்க்கான தசை ரிசப்டர் சோதனையைத்தான் செய்வார்கள். அதில் நெகட்டிவ் வந்ததும் 'ஆட்டோஇம்யூன் இல்லை' என்று முடிவு கட்டினால், நோயாளி மாதக்கணக்கில் சிகிச்சை இன்றி நிற்பார். பணம் கட்டும் முன் பில்லில் உள்ள பெயரைப் படித்துப் பாருங்கள். எல்லா லேபிலும் இது கிடையாது. வெளியே அனுப்புவார்களா, முடிவு எப்போது வரும் என்றும் கேளுங்கள்.

சிகிச்சையாக ஐவிஐஜி (தானமாகக் கிடைத்த ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடி மருந்து) ஏற்றிய பின் ரத்தம் எடுத்தால், தானம் தந்தவர்களின் ஆன்டிபாடி கலந்து பொய்யான பாசிட்டிவ் காட்டலாம். பிளாஸ்மா மாற்றிய பின் எடுத்தாலோ, இருப்பதும் குறைந்து தெரியும். சிகிச்சை அவசரமென்றால், அதற்கு முன்பே ரத்தம் எடுத்து சீரத்தைப் பிரித்துக் குளிரில் வைக்கச் சொல்லுங்கள். கதிரியக்க முறையில் அளக்கும் லேப் என்றால், சமீபத்தில் ஐசோடோப்பு ஸ்கேன் எடுத்திருப்பதையும் தெரிவிக்க வேண்டும்.

இந்த ஆன்டிபாடி லிட்டருக்கு 1 நானோமோலுக்கு மேல் இருந்து, அறிகுறிகளும் பொருந்தினால் நோய் ஏறக்குறைய உறுதி. 0.05-ஐச் சற்றே தாண்டிய அளவு வேறு நோயாளிகளிடமும் காணப்படும்; அதை மட்டும் நம்பி ஸ்டீராய்டு தொடங்குவது எங்களுக்கு ஏற்புடையதல்ல. நெகட்டிவ் வந்தாலும் கதை முடியவில்லை: இதே அறிகுறிகள் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இந்த ஆன்டிபாடி இருப்பதில்லை. புகைபிடிப்பவரென்றால் ஆன்டி-ஹூ ஆன்டிபாடியும் (புற்றுநோயோடு சேர்ந்து வரும், நரம்பைத் தாக்கும் வகை) மார்பு சிடியும் அவசியம்; நுரையீரல் புற்று இதே முகத்தோடு வரும். கண்ணும் வாயும் வறண்டவருக்கு ஷோகிரன் (கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளை எதிர்ப்பு சக்தி தாக்கும் நோய்) சோதனை.

பிபி குறையாமல், நின்ற 10 நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு மட்டும் 30-க்கு மேல் கூடினால் அது பாட்ஸ் (POTS) என்ற வேறு கோளாறாக இருக்கலாம். அதற்கென விற்கப்படும் அட்ரினர்ஜிக், மஸ்கரினிக் ஆன்டிபாடி எலிசா (ரத்தத்தில் ஆன்டிபாடியை அளக்கும் ஒரு லேப் முறை) தொகுப்புக்குப் பணம் செலவிடாதீர்கள். 2022-இல் வெளியான ஆய்வில், நோயாளிகளுக்கும் ஆரோக்கியமானவர்களுக்கும் அந்த அளவுகளில் வேறுபாடு தெரியவில்லை.