இருபது நிமிஷத்தில் முடிந்த செட்டப்

போன மாதம் சாட்ஸ்வர்த்தில் ஒரு ஆயா கூப்பிட்டார். ஓய்வு பெற்ற டீச்சர், வயது 78. போய் லேப்டாப்பைத் திறந்தால் நீலத் திரை, அதில் 48 இலக்க எண்ணைப் போடு என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. "நான் ஒண்ணுமே தொடலை தம்பி, ராத்திரி அதுவா அப்டேட் போட்டுக்கிச்சு, காலையில பார்த்தா இப்படி" என்றார். பேரன் வாங்கிக் கொடுத்த லேப்டாப் அது. ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி பெட்டியைப் பிரித்து, இருபது நிமிஷத்தில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். "இருபதே நிமிஷம்" என்று ஆயா பெருமையாக இரண்டு தடவை சொன்னார்.

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர், போன், வைஃபை பார்த்துக் கொடுப்பது பதினாலு வருஷமாக என் தொழில். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் என்று சுற்றுவேன். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அறுபது தாண்டியவர்கள். இவர்களிடம் நான் அடிக்கடி கேட்கிற வாக்கியம், "இப்பல்லாம் ரொம்ப ஈஸியாமே, சின்னப் பசங்களே போட்டுடறாங்க". ஈஸிதான், மறுக்கவில்லை. நான் தொழில் கற்றபோது ஒரு பிரிண்டரை மாட்டுவதற்கு டிரைவர் சிடியைத் தேடியே ஒரு சாயங்காலம் போய்விடும். 1998இல் ஐமேக் வந்தபோது ஒரு விளம்பரம் போட்டார்கள், ஞாபகம் இருக்கலாம்: முதல் படி பிளக்கை மாட்டு, இரண்டாவது படி இணையத்தில் சேர், மூன்றாவது படி என்று ஒன்று கிடையாது. என் அனுபவத்தில் மூன்றாவது படி உண்டு, இரண்டு வருஷம் கழித்து வரும், அன்றைக்குச் செட்டப் செய்து கொடுத்தவர் ஊரில் இருக்கமாட்டார்.

புது லேப்டாப்பைத் திறந்தால் நாடு கேட்கும், கீபோர்டு கேட்கும், வைஃபை கேட்கும், அதெல்லாம் சரி. அடுத்து "சைன் இன் செய்" என்கிறது. இங்கேதான் சிக்கல். ஏற்கெனவே ஒரு அக்கவுண்ட் வைத்திருப்பவருக்கு அது ஒரு நிமிஷ வேலை. முதன்முதலாகக் கம்ப்யூட்டரைத் தொடுகிறவருக்கு எதை வைத்து சைன் இன் செய்வது? விண்டோஸ் 11 ஹோம் பதிப்பில் இணையமும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டும் இல்லாமல் சாதாரண வழியில் இந்தக் கட்டத்தைத் தாண்டவே முடியாது. ஆண்ட்ராய்டில் கூகுள் அக்கவுண்டை அப்போதைக்குத் தவிர்க்கலாம், ஆனால் அது இல்லாமல் ப்ளே ஸ்டோர் திறக்காது, வாட்ஸாப்பை இறக்குவதற்கே அதுதான் வேண்டும். ஆக புதிதாக வருகிறவருக்கு எளிதாகச் செய்து வைத்ததாகச் சொல்லும் இந்தப் பாதை, ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்காகத்தான் போடப்பட்டிருக்கிறது. புதியவர் திகைத்து நிற்பார், பக்கத்தில் இருக்கும் பையன் "கொடுங்க ஆயா" என்று வாங்கி, தன் போன் நம்பரையும் தன் மனதுக்கு வந்த பாஸ்வேர்டையும் போட்டு முடித்துவிடுவான். ஆயாவுக்கு மிஞ்சுவது நாலு இலக்கப் பின் மட்டும். அந்தப் பின்தான் பாஸ்வேர்டு என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். அது அந்த ஒரு மெஷினுக்கான பூட்டு, அவ்வளவுதான். அக்கவுண்டின் பாஸ்வேர்டு வேறு. இந்த வித்தியாசத்தை யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

சரி, அந்த 48 இலக்கத்துக்கு வருகிறேன். இப்போது வருகிற லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டை வைத்துச் செட்டப் முடித்தால் டிஸ்க் முழுவதும் தானாகவே குறியாக்கம் ஆகிவிடும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டுவிடும். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்குப் பிறகு முன்பைவிட நிறைய மெஷின்களில் இது நடக்கிறது. நல்ல விஷயம்தான், லேப்டாப்பைத் திருடியவன் டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் ஒன்றும் படிக்க முடியாது. ஆனால் பயாஸ் (மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் மாதிரி ஏதாவது ஒன்று அடியில் மாறினால், மெஷினுக்குச் சந்தேகம் வந்து மீட்புச் சாவியைக் கேட்கும், அதுதான் அந்த 48 இலக்கம். அந்தச் சாவி செட்டப் செய்த அன்றே அந்த அக்கவுண்டுக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். சேர்ந்த விஷயம் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அதைச் சொல்லி நிறுத்தினால் செட்டப் இருபது நிமிஷத்தில் முடியாது.

பேரன் இருக்கும் பெர்த்துக்கு வாட்ஸாப்பில் வீடியோ கால் போட்டோம். புதிய பதிப்புகளில் அந்த நீலத் திரையிலேயே எந்த அக்கவுண்டு என்பதற்குச் சின்னக் குறிப்பு காட்டும், அதைப் பார்த்ததும் பேரனுக்கு முகவரி ஞாபகம் வந்தது. பாஸ்வேர்டு வரவில்லை. மீட்பு எண்ணாகப் போட்டிருந்தது அவன் டர்பனில் வைத்திருந்த ப்ரீபெய்ட் சிம். ஊரைவிட்டுப் போனபின் ஏர்டைம் போடாமல் விட்டதில் அந்த எண்ணும் போய்விட்டது. அக்கவுண்ட் மீட்புப் படிவத்தை இரண்டு தடவை நிரப்பினான், இரண்டு தடவையும் போதிய விவரம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சாவியை மைக்ரோசாஃப்டே எடுத்துக் கொடுக்க முடியாது, அது அவர்கள் வெளிப்படையாகச் சொல்வதுதான். ஆயாவின் ஃபைல்கள் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் பேக்கப் ஆகியிருந்திருக்கும், செட்டப்பே அதையும் போட்டு விட்டிருக்கும், ஆனால் அதுவும் அதே அக்கவுண்டுக்குள். பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதை.

போனது என்ன தெரியுமா? ஆயா தன் குடும்ப வரலாற்றை டைப் செய்துகொண்டிருந்தார், நாற்பது பக்கம். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் பெரும்பாலும் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு எண் போட்டுக் கப்பல் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள், ஊர், தகப்பன் பெயர், அங்க அடையாளம் உட்பட. அதில் தன் தாத்தாவின் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, அதிலிருந்து கிளை பிரித்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். நூறு வருஷத்துக்கு மேல் ஆன அந்த எண்ணை அவரால் கண்டுபிடிக்க முடிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் போட்ட எண்ணை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து தேடியும் கிடைக்கவில்லை. டிஸ்கை அழித்துப் புதிதாகப் போடுவதைத் தவிர வழியில்லை என்று சொல்ல எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

போன் கதை இதைவிடச் சாதாரணம், அதனால் இன்னும் அதிகம். ஃபீனிக்ஸில் ஒரு தாத்தாவுக்கு நாலு ஜிமெயில் இருந்தது. நாலு போன் மாற்றியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் கடைப்பையன் "பழைய பாஸ்வேர்டு தெரியாதா, பரவாயில்லை" என்று புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறான். முதல் அக்கவுண்டில் பாதி நம்பர்கள், இரண்டாவதில் கல்யாணப் போட்டோக்கள், மூன்றாவதில் என்ன இருக்கிறதென்றே தெரியாது. கடைக்காரனைத் திட்டுவதில் அர்த்தமில்லை, வரிசையில் பத்துப்பேர் நிற்கிறார்கள், அவனுக்கு அது ஐந்து நிமிஷ வேலை. ஆனால் ஒரு கடையில் இன்னும் மோசம், வருகிற எல்லாருக்கும் ஒரே ஜிமெயிலைப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் வாடிக்கையாளர் ஒரு ஆன்ட்டியின் போனில் திடீரென்று முன்பின் தெரியாதவர்களின் நம்பர்கள் நூற்றுக்கணக்கில் வந்து விழுந்ததில்தான் அது வெளியே வந்தது. அவருடைய நம்பர்கள் யார் யார் போனுக்குப் போயிருக்குமோ.

இதில் இரண்டு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷம் தொடாமல் விட்ட தனிநபர் அக்கவுண்டை கூகுள் அழித்துவிடலாம், 2023இல் அறிவித்து அந்த வருஷக் கடைசியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆகவே "பழைய மெயில்ல கிடக்கட்டும்" என்று விட்டால் கிடக்காது. இன்னொன்று, கூகுள் அக்கவுண்ட் உள்ள ஆண்ட்ராய்டு போனை பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்தால், மறுபடி ஆன் ஆகும்போது பழைய அக்கவுண்டையோ பழைய திரைப்பூட்டையோ கேட்கும், திருட்டுக்கு எதிரான ஏற்பாடு அது. ஐபோனிலும் இதே மாதிரி உண்டு. செகண்ட் ஹேண்ட் போன் வாங்குகிறவர்கள், விற்கிறவர் தன் அக்கவுண்டை உங்கள் கண்முன்னே எடுத்தபிறகு காசைக் கொடுங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு கூடுதல் சிக்கல் ரிக்கா. சிம் கார்டை ஐடியும் முகவரியும் காட்டிப் பதிவு செய்தாக வேண்டும், சட்டம். பல வீடுகளில் அம்மாவின் சிம் மகன் பெயரில் இருக்கும், அன்றைக்குக் கடைக்குப் போனவன் அவன் என்பதால். அம்மாவின் போன் தொலைந்தால் அதே எண்ணில் புது சிம் வாங்க மகனின் ஐடி வேண்டும், மகன் கேப்டவுனில் இருப்பான். அந்த எண் கைக்கு வரும்வரை ஓடிபி வராது, ஓடிபி வராமல் ஜிமெயில் திறக்காது, பாங்க் ஆப் திறக்காது. அடுத்தவர் எண்ணைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் சிம் ஸ்வாப் மோசடி நம் நாட்டில் எவ்வளவு நடக்கிறது என்பதைப் பார்த்தால் இந்தக் கெடுபிடியைக் குறை சொல்ல முடியாது. புது போன் வாங்குவதற்கு முன்னால் சிம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், பிறகு மற்றதெல்லாம்.

சின்னதாகத் தெரிந்து பெரிய தலைவலி கொடுத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கோயிலில் கணக்குப் பார்க்கிற அண்ணா புது லேப்டாப் வாங்கினார். செட்டப்பில் நாடு எது என்று கேட்டது, தென்னாப்பிரிக்கா என்று ஒழுங்காகப் போட்டார். அதன்பிறகு பாங்கிலிருந்து இறக்கிய கணக்கை எக்ஸெலில் திறந்தால் கூட்டுத்தொகை பூஜ்யம் வருகிறது. பழைய கம்ப்யூட்டரில் சரியாக வருகிறது, இதில் வரவில்லை, "மெஷின் டூப்ளிகேட்டா பாரு" என்று என்னிடம் கொண்டு வந்தார். மெஷினில் ஒன்றுமில்லை. தென்னாப்பிரிக்கா என்று தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் தசமத்துக்குப் புள்ளிக்குப் பதிலாகக் கமாவை எடுத்துக்கொள்ளும். பாங்க் ஃபைலில் 1250.50 ரேண்ட் என்று புள்ளி இருக்கிறது, எக்ஸெல் அதை எண்ணாகவே மதிக்காமல் எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. ரீஜன் அமைப்பில் போய் தசமக் குறியைப் புள்ளியாக மாற்றினால் இரண்டு நிமிஷத்தில் சரியாகிவிடும். ஆனால் சரியான பதிலைச் சொன்னதற்காக ஒருவர் மூன்று வாரம் ராத்திரி உட்கார்ந்து கையால் கூட்டியிருக்கிறார் பாருங்கள்.

டேட்டா பற்றியும் ஒரு வார்த்தை. ஃபைபர் இல்லாத வீட்டில் போன் ஹாட்ஸ்பாட்டை வைத்துப் புது லேப்டாப்பைச் செட்டப் செய்யாதீர்கள். முதல் நாளிலேயே அப்டேட்டுகள் ஜிபி கணக்கில் இறங்கும், மாதத்துக்கு வாங்கிய டேட்டா பண்டில் சாயங்காலத்துக்குள் காலி. யாராவது உறவுக்காரர் வீட்டு ஃபைபரில் செய்துவிட்டு வாருங்கள். அப்புறம் வீட்டில் அந்த ஹாட்ஸ்பாட்டை மீட்டர்ட் கனெக்‌ஷன் என்று குறித்து வைத்தால் விண்டோஸ் பெரிய அப்டேட்டுகளைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கும். லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) 2023இல் இருந்த மாதிரி இப்போது இல்லை, இருந்தாலும் அப்டேட் ஓடும்போது சார்ஜரை மாட்டி வையுங்கள்.

நான் இப்போது செய்கிற முறை வேறு. பெட்டியைப் பிரிப்பதற்கு முன் ஒரு கோடு போட்ட நோட்டுப்புத்தகம் கேட்பேன். பாஸ்வேர்டைப் பேப்பரில் எழுதக்கூடாது என்று படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆபீஸ் மேசைக்கு அது சரி. வீட்டு அலமாரியில் இருக்கும் நோட்டைத் திருட ரஷ்யாவிலிருந்து யாரும் வரப்போவதில்லை, மறந்து போகிற ஆபத்துதான் இங்கே பெரியது. எழுதக் கூடாதது பாங்க் பின் மட்டும். மெயில் முகவரி, பாஸ்வேர்டு, எந்த எண் மீட்பு எண், எல்லாம் அவர் கையெழுத்தில். இங்கே பெயர்களின் ஸ்பெல்லிங் வேறு ஒரு கூத்து, ஐடியில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி இருக்கும், கடைசியில் ஒரு இங்கிலீஷ் ஈ சேர்த்தார்களா இல்லையா என்பது ஆறு மாதத்தில் மறந்துவிடும். அதனால் எழுத்தெழுத்தாக, பெரிய எழுத்தில். மீட்பு எண் அவருடைய சொந்த எண், இரண்டாவதாக ஊரிலேயே இருக்கிற மகளோ மருமகளோ. கூகுள் பத்து பேக்கப் கோடு கொடுக்கும், அதை நோட்டில் ஒட்டிவிடுவேன். விண்டோஸ் என்றால் அந்த 48 இலக்கத்தை அக்கவுண்டிலிருந்து எடுத்து இரண்டு பிரிண்ட். முக்கியமான ஃபைல்களுக்கு ஒரு யூஎஸ்பி தனியாக.

கீபோர்டை நான் தொடுவதில்லை, இது கஷ்டமான விதி. வயதானவர் ஒரு எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் கை கட்டி உட்கார்ந்திருப்பது எவ்வளவு பொறுமை கேட்கும் என்பது செய்தவர்களுக்குத் தெரியும். இருபது நிமிஷ வேலை இரண்டு மணி நேரம் ஆகும், ஒரு நாளில் மூன்று வீடுதான் பார்க்க முடியும், வருமானம் குறைவுதான்.

சாட்ஸ்வர்த் ஆயாவின் லேப்டாப்பை அப்படித்தான் மறுபடி போட்டோம், ஒரு மணி நாற்பது நிமிஷம். நடுவில் இரண்டு தடவை டீ, ஒரு தடவை "நீயே போட்டுத் தொலையேன்". நாற்பது பக்கத்தில் பன்னிரண்டு பக்கம் தங்கைக்கு மெயிலில் அனுப்பி வைத்திருந்தார், அது கிடைத்தது. மீதியை மறுபடி டைப் செய்கிறார். பிரிண்ட் எடுத்த சாவியில் ஒன்று சாமி மாடத்தில், பழைய பச்சை ஐடி புத்தகத்துக்குள். இன்னொன்று தங்கை வீட்டில். அந்தத் தங்கைக்கு டோங்காட்டில் அடுத்த வாரம் ஒரு டேப்லெட் வருகிறது, நோட்டுப்புத்தகம் இப்போதே வாங்கி வைத்துவிட்டாராம்.